சுவரும் செங்கல்லும்: ஒரு ராக் பாட்டின் வரலாறு

படிப்பே வேண்டாம், வாத்தியாரே வேண்டாம் என்று பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று உண்டு. 1979-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வெளியாகி, உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்த பாட்டு அது. ‘பிங்க் ஃபிளாய்ட்’ என்னும் ராக் இசைக்குழுவின் ‘அனதர் பிரிக் இன் த வால், பாகம் 2’ என்றால் இன்றைய இளைஞர்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள். தலைப்பைத் தமிழில் சொல்வதானால் ‘சுவரில் இன்னொரு செங்கல்’ எனலாம்.

வரலாற்று ஆசிரியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வடக்கே வேலை பார்த்தவன் நான். வாத்தியாரைத் திட்டும் பாட்டைப் பற்றி ஒரு வாத்தியார் எழுதுவதா, அதுவும் தமிழ்ச் சங்க மலரிலா என்று அன்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஊரை விட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு நிலமும் கிடையாது, கடையும் கிடையாது. படிப்பு ஒன்றுதான் முதல். அந்த முதலையே வேண்டாம் என்று ஒரு பாட்டு சொல்கிறது என்றால், அது உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறதா என்று விசாரித்துப் பார்க்க வேண்டிய கடமை வேறு யாரையும்விட நமக்குத்தான் அதிகம். விசாரித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்தது வெறும் பாட்டுக் கதை அல்ல. கல்வி யாருக்காக, எதற்காக என்ற பழைய வழக்கின் ஒரு முக்கியமான அத்தியாயம் அது.

இரு ஆசிரியர்களின் மகன்

பாட்டை எழுதியவர் ரோஜர் வாட்டர்ஸ். 1943 செப்டம்பரில் பிறந்தவர். தந்தை எரிக் ஃபிளெட்சர் வாட்டர்ஸ், தாய் மேரி. இருவருமே பள்ளி ஆசிரியர்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. தந்தை இரண்டாம் உலகப் போரில் இத்தாலி நாட்டின் ஆன்சியோ போர்முனையில் 1944 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். அப்போது குழந்தைக்கு ஐந்து மாதம். தந்தையின் முகம் தெரியாமல் வளர்ந்த அந்தப் பையன், கேம்பிரிட்ஜ் நகரில் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் படித்தான். பிற்காலத்தில் பிங்க் ஃபிளாய்டைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான சிட் பாரெட்டும் அதே பள்ளியில் படித்தவர்தான்.

1950-களின் இங்கிலாந்துப் பள்ளி என்றால் நாம் நினைப்பதுபோல் பூஞ்சோலை அல்ல. பிரம்பு சட்டப்படி அனுமதிக்கப்பட்ட கருவி. அதைவிடக் கொடுமை, வகுப்பு முழுவதும் கேட்கும்படி ஒரு பையனைக் குத்திக்காட்டி அவனைக் கூனிக் குறுகச் செய்வது. பிரம்படி மூன்று நாளில் ஆறிவிடும்; நாக்கால் பட்டது ஆறாது. வாட்டர்ஸ் மனத்தில் தங்கியது இந்த இரண்டாவது வகைக் காயம்தான் என்பது பாட்டைக் கூர்ந்து கேட்பவர்களுக்குப் புரியும்.

காயம் பாட்டாக மாறுவதற்குக் காரணம் வேறோர் நிகழ்ச்சி. 1977 ஜூலை 6-ஆம் நாள் கனடாவின் மான்ட்ரியால் நகர ஒலிம்பிக் அரங்கில் பிங்க் ஃபிளாய்டின் கச்சேரி நடந்தது. முன்வரிசையில் இருந்த ரசிகர்கள் ஓயாமல் கூச்சலிட, எரிச்சலின் உச்சத்தில் வாட்டர்ஸ் ஒரு ரசிகர் மீது துப்பிவிட்டார். பிறகு தன் செயலை எண்ணித் தானே அருவருத்தார். தனக்கும் கேட்க வந்தவர்களுக்கும் இடையே எப்போது இப்படி ஒரு சுவர் எழும்பியது என்ற யோசனையிலிருந்து பிறந்ததுதான் ‘த வால்’, அதாவது ‘சுவர்’ என்னும் இரட்டை இசைத்தட்டு. 1979 நவம்பர் 30 அன்று அது வெளிவந்தது. மொத்தம் 26 பாடல்கள். ‘பிங்க்’ என்னும் ஒரு பாடகனின் வாழ்க்கைதான் கதை. போரில் தந்தையை இழந்தது, பள்ளியில் பட்ட அவமானம், தாயின் மிதமிஞ்சிய காவல், உடைந்துபோன மணவாழ்க்கை என்று ஒவ்வொன்றும் ஒரு செங்கல்லாகி அவனைச் சுற்றிச் சுவராக எழும்புகிறது.

‘செங்கல்’ என்ற தலைப்பில் அந்த இசைத்தட்டில் மூன்று பாடல்கள் உள்ளன. முதல் பாகம் தந்தையின் சாவைப் பற்றியது. இரண்டாம் பாகம் பள்ளிக்கூடம். மூன்றாம் பாகத்தில் அவன் யாருமே தனக்குத் தேவையில்லை என்று சுவரை மூடிக்கொள்கிறான். உலகம் கேட்டது இரண்டாம் பாகத்தை மட்டும்தான். ராமாயணத்தில் பாலகாண்டத்தையும் யுத்த காண்டத்தையும் விட்டுவிட்டு நடுவில் ஒரு படலத்தை மட்டும் கேட்டால் எப்படியோ அப்படி. முன்னால் வருவதும் பின்னால் வருவதும் தெரியாதபோது, ஒரு மனிதனின் தனிமையைப் பற்றிய கதை, படிப்புக்கு எதிரான கோஷமாகக் காதில் விழுவதில் வியப்பில்லை.

இருபத்து மூன்று குரல்கள்

வாட்டர்ஸ் முதலில் எழுதியது மிகச் சிறிய பாட்டு. ஒரே ஒரு சரணம், அவ்வளவுதான். அதை நீட்டித்து ஒரு தனி இசைத்தட்டாக்கலாம் என்று பிடிவாதம் பிடித்தவர் தயாரிப்பாளர் பாப் எஸ்ரின். டிஸ்கோ நடனத் தாளத்தை அதில் புகுத்தியவரும் அவர்தான். பிங்க் ஃபிளாய்டோ 1968-க்குப் பிறகு இங்கிலாந்தில் ஒற்றைப் பாட்டு இசைத்தட்டே வெளியிடாத குழு. ‘எங்கள் பாட்டை முழுசாகக் கேள், இல்லாவிட்டால் விடு’ என்ற போக்கு. எஸ்ரின் விடவில்லை. சரணத்தை ஒரு நகல் எடுத்து ஒட்டினார். ஆனால் ஒரே சரணத்தை ஒரே குரலில் இரண்டு முறை கேட்டால் அலுப்புத் தட்டும் அல்லவா? இரண்டாம் முறை பள்ளிப் பிள்ளைகளைப் பாட வைத்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது.

குழு அப்போது அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருந்தது. லண்டனில் இருந்த ஒலிப்பதிவாளர் நிக் கிரிஃபித்ஸுக்குச் செய்தி போயிற்று. அவர் தம் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த இஸ்லிங்டன் கிரீன் என்னும் அரசுப் பள்ளியின் கதவைத் தட்டினார். அங்கே இசை ஆசிரியராக இருந்தவர் ஆலன் ரென்ஷா. பழைய முறையை விட்டு விலகிப் புதிது புதிதாகச் செய்து பார்க்கும் சுபாவம் கொண்டவர். 13 முதல் 15 வயதுவரையிலான 23 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். தேர்ந்த பாடகர்கள் யாரும் இல்லை. லண்டன் தெருப் பேச்சு மணக்கும் சாதாரணக் குரல்கள். அதைத்தான் கேட்டார்கள். அதே 23 குரல்களைப் பன்னிரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தபோது ஒரு பெரிய பள்ளிக்கூடமே திரண்டு பாடுவதுபோல் ஆகிவிட்டது.

பாட்டு 1979 நவம்பரில் ஒற்றை இசைத்தட்டாக வந்தது. அந்த டிசம்பரிலிருந்து ஐந்து வாரம் பிரிட்டனில் முதலிடம். அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் வாரத்தில் முதலிடத்தில் இருந்ததும் இதுவே. 1980 மார்ச்சில் அமெரிக்காவிலும் முதலிடம், நான்கு வாரம். இரு நாடுகளிலும் பிங்க் ஃபிளாய்டுக்கு முதலிடம் வாங்கித் தந்த ஒரே ஒற்றைப் பாட்டு இதுதான்.

பாடிய பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? பள்ளிக்கு ஒட்டுமொத்தமாக 1,000 பவுண்டு. பிள்ளைகள் கைக்குக் காசாக ஒன்றும் போகவில்லை. பாடியவர் யார் என்று இசைத்தட்டில் பெயர்களும் இல்லை. பின்னர் 1996-இல் பிரிட்டனின் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, இசைப்பதிவில் பங்கேற்றவர்களுக்கு ஒலிபரப்பு வருமானத்தில் பங்கு கேட்கும் உரிமை வந்தது. அதன்பேரில் 2004-இல் அந்தப் பிள்ளைகளில் சிலர், அதற்குள் நாற்பதை நெருங்கிவிட்டவர்கள், தங்கள் பங்கைக் கோரினார்கள். பிள்ளைகளின் உரிமைக்காகக் குரல் கொடுத்த பாட்டிலேயே பிள்ளைகளின் உரிமை கணக்கில் வராமல் போனது. இதைச் சொல்லாமல் இந்தப் பாட்டின் வரலாறு முழுமையாகாது.

லண்டனில் எழுந்த கோபம்

ரென்ஷா தலைமையாசிரியையிடம் முன்கூட்டி எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டுப் போகவில்லை. பாட்டு வெளியான பிறகுதான் தலைமையாசிரியை மார்கரெட் மேடனுக்கு முழு விவரமும் தெரிந்தது. பத்திரிகைக்காரர்கள் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார்கள். லண்டன் உள்நகரக் கல்வி ஆணையம் கடும் கண்டனம் தெரிவித்தது. பாட்டின் சொற்கள் வெட்கக்கேடானவை என்றது. ஆங்கில இலக்கண ஆசிரியர்களுக்கும் கொண்டாட்டம். கல்வி வேண்டாம் என்று சொல்லும் வாக்கியத்திலேயே இரண்டு எதிர்மறைகளைப் போட்டு இலக்கணத்தைக் கொலை செய்திருக்கிறார்களே, இவர்களுக்கு அவசியம் கல்வி தேவை என்று கிண்டல் செய்தார்கள்.

இந்தக் கிண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தமிழில் இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு. ‘இல்லாமல் இல்லை’ என்றால் ‘இருக்கிறது’ என்று பொருள். ஏட்டு ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஆனால் லண்டன் உழைப்பாளி மக்களின் பேச்சு ஆங்கிலத்தில் இரண்டு எதிர்மறை வந்தால் மறுப்புக்கு அழுத்தம் கூடும். அது பிழை அல்ல, வழக்கு. வாட்டர்ஸ் தெரிந்தேதான் அந்த வழக்கை எடுத்தார் என்பது என் கருத்து. வீட்டில் பேசும் பேச்சை வகுப்பில் பேசினால் திருத்தியும் சிரித்தும் அடக்கப்படும் பிள்ளைகளின் குரல் வேறெப்படி இருக்கும்? வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கல்வி ஆணையம் இவ்வளவு பதறியதற்கும் ஒரு பின்னணி உண்டு. அதே இஸ்லிங்டன் பகுதியில் வில்லியம் டிண்டேல் என்னும் தொடக்கப் பள்ளியில் 1974 முதல் பெரும் தகராறு. பிள்ளைகள் விரும்பியதை விரும்பியபோது படிக்கட்டும் என்று ஆசிரியர்கள் சிலர் விட்டுவிட, பெற்றோர் கொதித்தெழுந்தனர். எழுதப் படிக்கவே வராமல் பிள்ளைகள் பாழாகிறார்கள் என்பது அவர்கள் புகார். ராபின் ஆல்ட் என்னும் வழக்கறிஞர் தலைமையில் விசாரணை நடந்து 1976-இல் அறிக்கை வந்தது. நாடே அதைப் பற்றிப் பேசியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் அதே பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் ‘படிப்பு வேண்டாம்’ என்று பாடினால் ஆணையம் சும்மா இருக்குமா? ஏழை வீட்டுப் பெற்றோர்கள் பள்ளியை நம்பித்தான் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு தலைமையாசிரியை கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன், ஆகவே சொல்கிறேன்.

கேப் டவுன், 1980

பாட்டின் உண்மையான வரலாறு தொடங்குவது தென்னாப்பிரிக்காவில்தான். இங்கிலாந்தில் அது ஒரு பரபரப்பு. தென்னாப்பிரிக்காவிலோ அது ஆயுதம்.

அங்கே நிறவெறி அரசு 1953-இல் ‘பாண்டு கல்விச் சட்டம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, தனிப் பாடத்திட்டம். வெள்ளையரிடம் கூலி வேலை செய்வதற்கு எவ்வளவு படிப்பு தேவையோ அவ்வளவு போதும் என்பதுதான் அதன் உட்கருத்து. சட்டத்தின் சூத்திரதாரியான ஹென்றிக் வெர்வூர்ட் அதை ஒளிக்கவும் இல்லை. பிறகு 1963-இல் கலப்பினத்தவருக்கு ஒரு கல்விச் சட்டம், 1965-இல் இந்தியருக்கு ஒரு கல்விச் சட்டம். நான்கு நிறம், நான்கு கல்வி. வெள்ளைப் பிள்ளைக்கு அரசு செய்த செலவில் ஒரு சிறு பங்குதான் கறுப்புப் பிள்ளைக்கு.

1976 ஜூன் 16 அன்று சொவேட்டோவில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பாடங்களில் பாதியை ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. ஹெக்டர் பீட்டர்சன் என்னும் சிறுவனின் உயிரற்ற உடலை இன்னொரு மாணவர் தூக்கிக்கொண்டு ஓடும் புகைப்படம் உலகத்தை உலுக்கியது. மொழித் திணிப்பு என்றால் என்ன என்று தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலை மிகப் பெரிது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1980 ஏப்ரலில், கேப் டவுன் நகரின் கலப்பினப் பள்ளிகளில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். புத்தகங்கள் போதவில்லை, கட்டடங்கள் சரியில்லை, இனத்துக்கு ஒரு கல்வி என்ற ஏற்பாடே கூடாது என்பவை அவர்கள் கோரிக்கைகள். ‘81 பேர் குழு’ என்று ஒரு மாணவர் குழு போராட்டத்தை ஒருங்கிணைத்தது. மற்ற மாநிலங்களுக்கும் அது பரவியது. அப்போது அந்த நாட்டு வானொலியிலும் கடைகளிலும் முன்னணியில் இருந்த பாட்டு எது? இதே பாட்டுதான்! மாணவர்கள் அதைத் தங்கள் போர்ப்பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். வாட்டர்ஸ் தன் சொந்தக் காயத்தைப் பற்றி எழுதியது, ஒரு நாட்டின் காயத்துக்குப் பொருந்திவிட்டது.

1980 மே மாதத் தொடக்கத்தில் அரசு இந்தப் பாட்டைத் தடை செய்தது. வெளியீடுகளைத் தணிக்கை செய்வதற்கென்றே 1974-இல் இயற்றிய சட்டம் கையில் தயாராக இருந்தது. வானொலியில் போடக்கூடாது, கடையில் விற்கக்கூடாது. ஒரு பாட்டைக் கண்டு ஓர் அரசாங்கம் இவ்வளவு பயப்பட்டது ஏன்? யோசித்துப் பாருங்கள். லண்டன் ஆணையம் வெறும் கண்டனத்தோடு நின்றது. அங்கே பாட்டு சொன்னது மிகை என்று பாதிப் பேராவது நம்பினார்கள். தென்னாப்பிரிக்காவிலோ பாட்டு சொன்னது அப்படியே சட்டப் புத்தகத்தில் இருந்தது. பள்ளி என்பது மனத்தைக் கட்டிப்போடும் கருவி என்று அந்த அரசே எழுதி வைத்திருந்தது. உண்மை பட்ட இடத்தில்தான் வலிக்கும்.

நம்மவர் பங்கு

இந்தக் கதையில் நமக்கும் ஓர் இடம் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு வந்த முந்நூற்றுக்கு மேற்பட்டோரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியரில் தமிழர் கணிசமானவர்கள். அவர்களுடைய சந்ததியினர் நேட்டால் பகுதியில் இன்றும் வாழ்கிறார்கள். அரசு பள்ளி கட்டித் தராத காலத்தில், கூலியில் மிச்சம் பிடித்த காசைப் போட்டுத் தாங்களே பள்ளிக்கூடம் எழுப்பிய சமூகம் அது. இங்கே நம் முன்னோர் ஊர் ஊராகத் தமிழ்ப் பள்ளி தொடங்கியதைப் போலவேதான்.

அப்படிப்பட்ட சமூகத்தின் பேரப்பிள்ளைகள் 1980-இல் என்ன செய்தார்கள்? நேட்டாலில் இந்தியப் பள்ளி மாணவர்களும், இந்தியருக்கென்று ஒதுக்கப்பட்ட டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழக மாணவர்களும் புறக்கணிப்பில் சேர்ந்தார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ‘நாங்கள் வெயிலில் கரும்பு வெட்டிக் கட்டின பள்ளிக்கூடம், நீ வெளியே வந்து நிற்கிறாயே தம்பி’ என்று எத்தனை பாட்டிகள் புலம்பியிருப்பார்கள்! ஆனால் அந்தப் பிள்ளைகள் படிப்பை வெறுத்து வெளியே வரவில்லை. கறுப்புப் பையனுக்கு ஒரு படிப்பு, எனக்கு அதைவிடக் கொஞ்சம் மேலான படிப்பு என்ற அந்த ஏற்பாட்டைத்தான் வேண்டாம் என்றார்கள். தங்களுக்குக் கிடைத்த சிறு சலுகையை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க அவர்கள் ஒப்பவில்லை. பாட்டி கட்டிய பள்ளியின் மதிப்பை அந்தப் பிள்ளைகள் குறைத்ததாக நான் நினைக்கவில்லை. உயர்த்தினார்கள் என்றே சொல்வேன்.

ஆக, பாட்டின் பொருள் என்ன?

பாட்டின் குற்றச்சாட்டு இரண்டே இரண்டு. சிந்தனையைக் கட்டுப்படுத்துவது ஒன்று. வகுப்பறையில் குத்தல் பேச்சால் பிள்ளைகளை நோகடிப்பது மற்றொன்று. எண்ணும் எழுத்தும் கூடாது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. வாட்டர்ஸே இசைத்தட்டு வெளியான சமயத்தில் வானொலிப் பேட்டியில் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறார். தன் பள்ளியில் நல்ல ஆசிரியர்களும் இருந்தார்கள். உலகத்து ஆசிரியர் எல்லாரையும் சேர்த்துத் திட்டுவது நோக்கம் அல்ல. ஆனால் மோசமான ஆசிரியர் ஒருவர் ஒரு பிள்ளையை நாசம் செய்துவிட முடியும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இசைத்தட்டில் இதற்கு முன்னால் வரும் சிறு பாட்டைக் கேட்டால் இன்னொரு விஷயமும் புரியும். வகுப்பில் பிள்ளைகளை வதைக்கும் அந்த ஆசிரியர், வீட்டில் மனைவியிடம் வதைபடுகிறவர். அங்கே வாங்கியதை இங்கே இறக்குகிறார். அவரும் ஒரு செங்கல்தான். ஆலன் பார்க்கர் இயக்கி 1982-இல் வந்த ‘த வால்’ திரைப்படத்திலும் இந்தக் காட்சி உண்டு. அதே படத்தில்தான், ஒரே மாதிரி முகமூடி அணிந்த பிள்ளைகள் வரிசையாக நடந்து இறைச்சி அரைக்கும் இயந்திரத்துக்குள் விழும் காட்சியும் வருகிறது. பார்த்தவர்கள் மறக்க முடியாத காட்சி.

சுவர் என்ற உருவகம் அதன்பின் எங்கெல்லாமோ போயிற்று. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறக்கப்பட்டது. 1990 ஜூலை 21 அன்று அதே இடத்தில் வாட்டர்ஸ் ‘த வால்’ முழுவதையும் மேடையேற்றினார். லட்சக்கணக்கானோர் கூடிய அந்தக் கச்சேரியில் இந்தப் பாட்டைப் பாடியவர் சிண்டி லாப்பர் என்னும் அமெரிக்கப் பாடகி. 2002-இல் வாட்டர்ஸ் பெங்களூருக்கு வந்தார். 2007-இல் மும்பைக்கு வந்தார். அங்கும் நம் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நின்று இந்தப் பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். அவர்களில் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கு இரண்டு வருடம் இரவு பகலாகப் படித்து முடித்த பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

நான் வேலை பார்த்த பள்ளியிலும் ஓர் ஆண்டு விழாவுக்குப் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் இந்தப் பாட்டைப் பாடுவதாக எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகம் ஒரே கோடாகப் போட்டு அடித்துவிட்டது. அடித்தது சரியா தவறா என்பது வேறு விஷயம். பையன்களிடம் நான் கேட்டேன்: ‘சரி, இந்தப் பாட்டை எந்த நாட்டில், எதற்காகத் தடை செய்தார்கள் தெரியுமா?’ ஒருவனுக்கும் தெரியவில்லை. ‘சார், தடை வேறயா? சூப்பர் சார்!’ என்றான் ஒருவன். அந்த வாரம் இரண்டு வகுப்பு தென்னாப்பிரிக்க வரலாறு நடத்தினேன். ஒருவனும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பாட்டு படிப்புக்குப் பகை என்று யார் சொன்னது?

நம் வீட்டுச் சுவர்கள்

இங்கிலாந்தையும் ஆப்பிரிக்காவையும் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிரம்பும் கோதண்டமும் சர்வ சாதாரணம். ‘அடியாத மாடு படியாது’, ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்றெல்லாம் பழமொழி வைத்திருக்கிறோம். ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்தெடுங்கள் சார்’ என்று ஆசிரியரிடம் சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த தகப்பன்மார் பரம்பரை நாம்.

சட்டம் மெல்ல மாறியது. பாட்டு வந்த காலத்தில் பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் பிரம்படி சட்டப்படி இருந்தது. 1986-இல் இயற்றிய சட்டத்தால் 1987-இல்தான் ஒழிந்தது. நம் நாட்டில், தில்லிப் பள்ளி விதிகளில் அடிக்க இடம் கொடுத்த பிரிவை 2000 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் நீக்கியது. தமிழ்நாட்டில் 2003-இல் கல்வி விதி திருத்தப்பட்டது. 2009-இல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையை மட்டுமல்ல, மனத்தை வருத்தும் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. கவனியுங்கள்: பிரம்பும் நாக்கும் ஒரே பிரிவில். 1979-இல் 23 பிள்ளைகள் பாடிய புகார், முப்பது ஆண்டு கழித்து நம் நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் சட்டம் வகுப்பறை வாசல்வரைதான் வரும். வீட்டுக்குள் வராது. ‘பக்கத்து வீட்டுப் பையன் தொண்ணூற்றெட்டு வாங்கியிருக்கிறான், நீ?’ என்ற ஒரு கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது. ஊரை விட்டு வந்து, ஒண்டுக்குடித்தனம் இருந்து, வயிற்றைக் கட்டிப் படிக்க வைக்கிற பெற்றோருக்கு அந்த ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அது ஆசையும் பயமும் கலந்தது. இருந்தாலும் பிள்ளையின் காதில் அது ஒரு செங்கல்லாகத்தான் விழும். ஒரு நாளில் சுவர் எழும்புவதில்லை. ஒவ்வொன்றாகத்தான் அடுக்குகிறார்கள்.

வள்ளுவர் 40-ஆம் அதிகாரத்துக்குக் ‘கல்வி’ என்று பெயர் வைத்தார். ஓர் அதிகாரம் தள்ளி, 42-ஆவது அதிகாரம் ‘கேள்வி’. அறிந்தவர் சொல்லக் கேட்டுப் பெறும் அறிவு என்பது அங்கே பொருள். இன்றோ அதே சொல்லுக்கு வினா என்றும் பொருள் சொல்கிறோம். காது கொடுப்பதும் கேட்கத் துணிவதும் தமிழில் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. வாட்டர்ஸுக்கு வாய்த்த பள்ளியில் முதல் பொருளில் கேள்வி இருந்தது, இரண்டாம் பொருளில் இல்லை. நிறவெறி அரசின் பள்ளியிலும் அதே கதைதான்.

நம் வீட்டுப் பிள்ளை இந்தப் பாட்டைச் சத்தமாக வைத்தால், கதவைச் சாத்திக்கொண்டு அவன் மட்டும் கேட்க விடாதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள். அந்த 23 பேரின் கதையைச் சொல்லுங்கள், கேப் டவுன் மாணவர்களைச் சொல்லுங்கள், கரும்புத் தோட்டத்துக் காசில் பள்ளி கட்டிய நேட்டால் தமிழரைச் சொல்லுங்கள். பிறகு உன் பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். மதிப்பெண்ணைப் பற்றி அல்ல, பள்ளிக்கூடத்தைப் பற்றி. அவன் சொல்வதை இடைமறிக்காமல் முழுவதும் கேட்டு முடியுங்கள்.